கணக்கில் வராத மணித்தியாலங்கள்

பல்கலைக்கழக வாழ்வுக்குப் போட்டிகள் புதியனவல்ல. விவாத மேடை, நாடக விழா, சிறுகதைப் போட்டி, பீடங்களுக்கிடையிலான கிரிக்கெட் ஆட்டம் என்பன தலைமுறை தலைமுறையாக நம் வளாகங்களில் நிலவி வருகின்றன. அண்மைக் காலத்தில் இவ்வரிசையில் வணிக எடுத்துரைப்புப் போட்டியும் சேர்ந்துள்ளது. மாணவர் மூவர் நால்வர் ஓர் அணியாகச் சேர்ந்து, தாம் தொடங்க விரும்பும் தொழிலொன்றைத் திட்டமிட்டு, ஐந்து அல்லது ஏழு நிமிடங்களுள் நடுவர் முன்னிலையில் எடுத்துரைக்க வேண்டும். நடுவர்கள் முதலீட்டாளரின் இடத்தில் அமர்ந்து வினாக்களைத் தொடுப்பர். கலைப்பீடத்து மாணவருட் பலர் இதனை முகாமைத்துவ பீடத்தாரின் விவகாரம் என ஒதுக்கிவிடுகின்றனர். மனிதரைக் கற்க வந்த எமக்கு விற்பனையோடு என்ன உறவு என்பது அவர்களது வாதம். இவ்வொதுக்கம் பொருத்தமானதன்று என்பதே என் கருத்து. அணியொன்றில் நான் பெற்ற அனுபவத்தைக் கொண்டு அதனை விளக்க முற்படுகிறேன்.

இப்போட்டிகளின் வரலாறு நீண்டதன்று. 1984 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஒஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், சட்ட மாணவர் நடத்தும் போலி வழக்காடலைப் பின்பற்றி, முதுநிலை வணிக மாணவர்கள் இத்தகைய போட்டியொன்றைத் தொடக்கினர். 1990 இல் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் 10,000 டொலர் பரிசுடன் மற்றொன்று ஆரம்பமாயிற்று. ஹல்ட் பரிசு எனும் உலகளாவிய மாணவர் போட்டியிலோ வெற்றி பெறும் அணிக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டொலர் என்ற பெருந்தொகை வழங்கப்பட்டு வந்துள்ளது. 2001 இல் ஜப்பானியத் தொலைக்காட்சியிற் பிறந்த நிகழ்ச்சியொன்று 2005 இல் பிரித்தானியாவுக்கும் 2009 இல் அமெரிக்காவுக்கும் பரவி, முதலீட்டாளர் முன் நின்று பேசுதலை ஒரு பொழுதுபோக்காகவே ஆக்கிவிட்டது. போட்டி மேடைகளில் நாம் காணும் மிடுக்கான நடையும் திடீர் நகைச்சுவையும் பெரும்பாலும் அத்தொலைக்காட்சி தந்தவையே.

எனினும் நம் நாட்டு மாணவர் இதனை வெறும் பொழுதுபோக்காக நாடவில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது. அவ்வாண்டில் எரிபொருள் வரிசையில் நின்றவர்களும், பாணின் விலை ஏறியதைக் கண்டவர்களும், விடுதியில் ஒருவேளை உணவைக் குறைத்துக் கொண்டவர்களும் நம்மிடையே உளர். பட்டம் பெற்றதும் அரச நியமனம் கிட்டும் என்ற பழைய நம்பிக்கை தளர்ந்துவிட்ட நிலையில், சொந்தத் தொழில் என்ற சொல் கலைப்பீடத்து மாணவன் காதிலும் விழத்தான் செய்கிறது.

எமது அணியின் எண்ணமும் அந்நெருக்கடியின் நினைவிலிருந்தே தோன்றியது. இந்நாட்டில் கோதுமை விளைவதில்லை. டொலர் தட்டுப்பட்டபோது கோதுமை மாவும் தட்டுப்பட்டது. வடபுலத்திலோ எவரும் நீரூற்றாமலே பனை நிற்கிறது. அதன் கிழங்கிலிருந்து ஒடியலும் புழுக்கொடியலும் பெறப்படுகின்றன. புழுக்கொடியல் மாவை நல்ல முறையிற் பொதி செய்து தென்னிலங்கை நகரங்களிலும், புலம்பெயர்ந்த நம்மவரிடையேயும் விற்றால் என்ன என்று கேட்டவர் விவசாய பீட நண்பர். அவர் வடமராட்சியைச் சேர்ந்தவர்; அவருடைய அம்மம்மா இன்றும் பாத்தி போடுபவர். மட்டக்களப்பைச் சேர்ந்த பொறியியற்பீட நண்பரும், குருநாகலைச் சேர்ந்த சிங்கள மாணவியான முகாமைத்துவ பீடத் தோழியும் இணைந்தனர். பொருளியல் பயிலும் நான் நான்காமவன். சந்தை பற்றி அறிந்தவன் என்று எண்ணி என்னைச் சேர்த்தனர் போலும். உண்மையில் நான் அறிந்திருந்தவை வளைகோடுகளே.

திட்டத்தைத் தோழி செவ்வனே வகுத்தார். மூலப்பொருள், அரைக்கும் கூலி, பொதி, போக்குவரத்து, விளம்பரம் எனச் செலவுகள் நிரலாக்கப்பட்டன. உலர்ந்த புழுக்கொடியலை ஊர்ப் பெண்களிடமிருந்து ஊர் விலைக்கு வாங்குவது என்றும், ஒரு பொதிக்கு 180 ரூபா இலாபம் எஞ்சும் என்றும் கணக்கு வந்தது. அழகான கணக்கு. ஆயினும் அந்த ஊர் விலை எவ்வாறு அமைந்தது என்ற வினா என்னை உறுத்திக்கொண்டிருந்தது. அவ்வாரம் எமது விரிவுரையில் ரஷ்யப் பொருளியலாளர் அலெக்சாண்டர் சயனோவ் பேசப்பட்டமை இதற்குக் காரணமாகலாம். விவசாயக் குடும்பம் தன் உறுப்பினரின் உழைப்புக்குக் கூலி கணக்கிடுவதில்லை; முதலாளி நிறுவனமொன்றின் இலாப நட்டக் கணக்கால் அக்குடும்பத்தின் பொருளாதாரத்தை விளங்கிக் கொள்ள இயலாது என்று அவர் 1925 இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். இக்கருத்தைப் பரீட்சைக்காக மனனம் செய்திருந்த எனக்கு, அது ஒரு கிராமத்து முற்றத்தில் எவ்வாறு தோன்றும் என்று காணும் ஆவல் உண்டாயிற்று.

மாசி மாத விடுமுறையில் நால்வரும் வடமராட்சி சென்றோம். பேராதனை மழையில் நனைந்து வந்த எமக்கு அந்த வெயிலும் மணற்றரையும் வேறோர் உலகம். நண்பரின் அம்மம்மாவை நாங்கள் ஆச்சி என்றழைத்தோம். சிங்களத் தோழியும் ஒரு நாளில் அச்சொல்லைப் பழகிக்கொண்டார். ஆச்சியும் அயலிலுள்ள மூன்று பெண்களும் சேர்ந்தே வேலை செய்வர். ஆவணி புரட்டாதியில் விழும் பனம்பழங்களைப் பொறுக்கி, களி நீக்கிய விதைகளைப் பாத்தியில் அடுக்கி மண்ணால் மூடுவர். மாதங்கள் சில கழியக் கிழங்கைக் கிண்டியெடுத்து, வேர் களைந்து, கழுவி, கிடாரத்திலிட்டு அவிப்பர். பின்னர் தோலுரித்து, நடு நரம்பை நீக்கி, இரண்டாகக் கிழித்து, பாயிற் பரப்பிக் காயவைப்பர். காலையிற் பரப்பியதை மாலையிற் பனி விழுமுன் அள்ள வேண்டும். இடையில் காகமும் ஆடும் வாராமற் காவலும் இருத்தல் வேண்டும்.

ஒரு கிடாரம் கிழங்கை அலகாகக் கொண்டு, ஒவ்வொரு வேலைக்கும் செல்லும் நேரத்தை நானும் தோழியும் கொப்பியிற் குறித்தோம். இது எளிதாக இருக்கவில்லை. காகம் கலைத்தபடியே சோறு சமைக்கும் பெண்ணின் மணித்தியாலம் யாருடைய கணக்கிற் சேரும்? நீண்ட விவாதத்தின் பின் காவல் நேரத்தில் அரைப்பங்கை மட்டும் சேர்த்துக்கொண்டோம். பாத்தி போட்ட காலத்து வேலையை அவர்களது நினைவைக் கொண்டு தனியாக எழுதினோம். கிண்டுவது முதல் உலர்த்துவது வரை 27 மணித்தியாலங்கள் ஆயின. இவற்றுள் 17 மணித்தியாலங்கள் கிழித்தலுக்கும் உலர்த்தலுக்குமே சென்றன. அதே ஊரில் வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்ணுக்குக் கிடைக்கும் நாட்கூலியை இம்மணித்தியாலங்களுக்கு இட்டுப் பார்த்தோம். ஊர் விலை அக்கூலியின் அரைவாசியைக்கூட எட்டவில்லை. அக்கூலியைக் கொடுத்து வாங்குவதாயின், எமது பொதியின் இலாபம் 180 ரூபாவிலிருந்து 22 ரூபாவாகச் சுருங்கியது.

இதனை ஆச்சியிடம் விளக்கியபோது அவர் வெற்றிலையை மென்றபடி சிரித்தார். “அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் தொண்டுதானோ செய்தனாங்கள், தம்பி?” என்று கேட்டார். ஏனைய பெண்களும் சிரித்தனர். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவு எமது அணிக்குள் எழுந்த விவாதத்தை நான் மறக்க இயலாது. போட்டியிற் பங்குபற்றும் ஒவ்வோர் அணியும் தன் இலாபத்தை ஒளிரச் செய்தே காட்டும். நாம் மட்டும் 22 ரூபாவை ஏந்தி நின்றால் முதற்சுற்றிலேயே வெளியேற நேரும் என்றார் பொறியியல் நண்பர். இதில் பொய் எதுவுமில்லை, ஊர் விலைக்கு வாங்குகிறோம் என்பது உண்மைதானே என்பது அவரது நியாயம். தோழியும் முதலில் அதனை ஆதரித்தார். வழங்குநர் விரும்பிக் கொடுக்கும் விலையே விலை என்று அவருடைய பாடநூல் கூறும். என் பாடநூலும் பெரும்பாலும் அதையே கூறுகிறது. தேசியக் கணக்குகள் பெண்களின் ஊதியமில்லா உழைப்பைக் காணாது விடுவதை நியூசிலாந்தின் மரிலின் வாரிங் 1988 இல் நூலாக எழுதினார் என்று நான் எடுத்துக் கூறினேன். நூற்பெயர்கள் அந்த இரவில் எவரையும் அசைக்கவில்லை. அதுவரை மௌனமாயிருந்த விவசாய பீட நண்பரே விவாதத்தை முடித்துவைத்தார். “என் அம்மம்மாவின் வேலைக்கு விலையில்லை என்று திரையிற் போட்டுக் காட்ட எனக்கு மனமில்லை. நீங்கள் மூவரும் வேண்டுமானால் செய்யுங்கள்” என்றார். அதன்பின் ஒருவரும் பேசவில்லை.

இரு கணக்குகளையும் அருகருகே காட்டுவது என முடிவாயிற்று. இதனால் விளைந்தது நாம் எதிர்பாராதது. 27 மணித்தியாலங்களின் பட்டியலைக் கையிலெடுத்த பொறியியல் நண்பர், பதினேழு எங்கே போகிறது என்று திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கினார். வலையால் மூடிய சூரிய உலர்த்தி ஒன்று இருந்தால் காவல் வேண்டியதில்லை. மாலையில் அள்ள வேண்டியதுமில்லை. காலால் மிதித்து இயக்கும் சிறு கருவியொன்று இருந்தால் கிழித்தல் விரைவாகும். இரண்டையும் அவர் வரைந்தார். விற்பனைத் திட்டமாகத் தொடங்கிய எமது முயற்சி, அப்பெண்களின் வேலை நேரத்தைக் குறைக்கும் திட்டமாக மாறிற்று. உழைப்புக்கு விலையில்லை என எழுதியிருந்தால் அதனைக் குறைக்கும் எண்ணமே எமக்கு வந்திராது. செலவற்றதாகக் கருதப்படும் ஒன்றைச் சிக்கனப்படுத்த எவரும் முயல்வதில்லை அல்லவா?

இறுதிச் சுற்றில் எமக்கு ஏழு நிமிடங்கள் கிடைத்தன. எடுத்துரைப்பு ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. இவ்வளவு மெல்லிய இலாபத்துக்கு ஒருவர் ஏன் பணமிட வேண்டும் என்று நடுவர் ஒருவர் வினவினார். முதலில் எம்மோடு முரண்பட்ட தோழியே அதற்கு விடையளித்தார். ஊர் விலையில் நிற்கும் இலாபம் அப்பெண்கள் வேறு வேலை தேடிப் போகும் நாளில் முடிந்துவிடும்; அவர்களுடைய பிள்ளைகள் பாத்தி போடப் போவதில்லை; கூலி கொடுத்தும் எஞ்சும் 22 ரூபாவே நிலைக்கக் கூடியது, கருவிகள் வந்தபின் அது வளரும் என்றார். நடுவர் தலையசைத்துக் குறிப்பெழுதிக் கொண்டார். பரிசு வேறோர் அணிக்குச் சென்றது. அவர்கள் நன்றாகவே பேசினார்கள்.

பரிசில்லாமற் போனதால் இப்போட்டிகளைப் பழிக்க நான் முற்படவில்லை. அவற்றில் குறைகளும் உள, நிறைகளும் உள. ஏழு நிமிட அளவு ஒரு பொருளின் சாரத்தைத் தேடச் செய்கிறது. அதே அளவு சிக்கலான வாழ்க்கைகளை ஒரு படவில்லைக்குள் அடக்கவும் தூண்டுகிறது. வறுமைப்பட்ட பெண்ணின் முகம் முதற்படமாகவும், அவளது உழைப்பு விலையற்ற மூலப்பொருளாகவும் அமைந்துவிடும் அபாயம் இங்குண்டு. நாங்கள் அமர்ந்திருந்த மண்டபத்திலேயே மீனவர், கைத்தறியாளர், தோட்டத் தொழிலாளர் எனப் பலரது முகங்கள் திரையில் வந்து மறைந்தன. அவர்களது நாளுக்கு எத்தனை மணித்தியாலம் என்று கேட்ட வினாவை நான் செவியுறவில்லை.

அவ்வினாவைக் கேட்பதற்கே கலைப்பீடத்து மாணவன் அங்கு செல்லல் வேண்டும் என்கிறேன். பொறியியலாளன் கருவியை அறிவான். முகாமைத்துவ மாணவி கணக்கை அறிவாள். விவசாய மாணவன் பயிரை அறிவான். மக்களுடைய மொழியில், அவர்களுடைய முற்றத்தில் அமர்ந்து, நேரத்தையும் சொல்லையும் மதித்துக் கேட்கும் பயிற்சி சமூகவியல், பொருளியல், புவியியல், தமிழ் பயில்வோர்க்கு உரியது. அப்பயிற்சியை ஆய்வுக் கட்டுரைக்குள் மட்டும் அடைத்து வைப்பதால் யாருக்கு நன்மை? எமது பீடத்தினர் ஒதுங்கி நிற்பின் போட்டிகள் நின்றுவிடப் போவதில்லை. நாம் கேட்டிருக்கக் கூடிய வினாக்கள் இன்றி அவை நடைபெறும்.

இத்தகைய முயற்சிகள் நம் மண்ணுக்கு அந்நியமானவையும் அல்ல. 1911 ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் பின் இந்நாட்டின் கிராமங்களில் கூட்டுறவுச் சங்கங்கள் வேரூன்றின. வடபுலத்தின் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களும், 1978 இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் பனையை நம்பி வாழ்வோரின் உழைப்புக்கு உரிய விலை எது என்ற வினாவை நமக்கு முன்னரே எதிர்கொண்டவை. மாணவ அணிகள் வெளிநாட்டு மாதிரிகளை நாடுமுன் இவற்றின் வெற்றி தோல்விகளைக் கற்பது பயனளிக்கும்.

பொறியியல் நண்பர் அவ்வுலர்த்தியைத் தம் இறுதியாண்டுச் செயற்றிட்டமாக எடுத்துள்ளார். அடுத்த மாசியில் முதலாவது மாதிரி வடமராட்சிக்குச் செல்லும். ஆச்சி அதனை ஏற்பாரா, பாய்தான் நல்லது என்பாரா என்பது அங்கேதான் தெரியும். முன்பு குறித்த அதே கொப்பியில், உலர்த்தி வந்தபின் செல்லும் மணித்தியாலங்களையும் எழுதிப் பார்ப்பது எங்கள் எண்ணம். இந்த ஆண்டு போட்டிக்கு அணி சேர்க்கும் நண்பர்கள் தத்தம் திட்டத்தின் கூலி நிரலை ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக. அங்கே சுழியம் இருப்பின், அச்சுழியத்துக்குப் பின்னால் யார் உழைக்கிறார் என்று நேரிற் சென்று கேட்டு வருவார்களாக.