பிராக்கெட்டுக்குள் ஒரு கல்யாணம்!

ஆபீஸ் போகிறவனுக்குத் தெரிந்த லீவு மூன்று வகை. கேஷுவல் லீவு, மெடிக்கல் லீவு, சொல்லாமல் கொள்ளாமல் போடும் லீவு. நாலாவதாக ஒன்று உண்டு. அது எந்த ரூல் புத்தகத்திலும் கிடையாது. நான் அதற்கு 'அசட்டு லீவு' என்று பெயர் வைத்திருக்கிறேன். ஏதோ காரியத்துக்காக லீவு போட்டு, இருப்பதில் நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு போய் நின்றபிறகு, அந்தக் காரியம் இன்றைக்கு இல்லை என்று தெரியவருகிறதே... அதுதான்!

இந்த லீவு கிடைத்தவர்கள் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள்? நேரே வீட்டுக்குத் திரும்பி, யாருடனும் பேசாமல், மின்விசிறியைப் பார்த்தபடி படுத்துக்கிடக்கிறார்கள். நடந்தது அசடு, அதற்கு ஒரு நாளையும் தண்டம் கட்டுகிறார்கள். அது அநியாயம் என்பது என் கட்சி. சாட்சிக்கு என் நண்பர் ஒருவரைக் கூப்பிடுகிறேன். பெயர் வேண்டாம். அவர் வீட்டில் பத்திரிகை வாங்குகிறார்கள்.

2025 அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை. எனக்கு அன்று வார ஓய்வு. ராயபுரத்தில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கம்பி பிய்த்துக்கொண்ட குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். காலை ஏழரைக்கு போன்.

"மாப்ளே, வீட்லதானே இருக்கே? வண்ணாரப்பேட்டை வரைக்கும் வா. ஒண்ணும் கேக்காதே."

குடையும் கையுமாகப் போனேன். ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நண்பர் நின்றார். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, ஜேபியில் மொய்க் கவர், கையில் ஜிகினாத்தாள் சுற்றிய சுவர்க் கடிகாரம். எல்லாம் சரி. வாழைமரத்தைக் காணோம், நாயனத்தைக் காணோம், வாசலில் ஒரு ஜோடி செருப்பைக்கூடக் காணோம். உள்ளே நாலைந்து சமையல்காரர்கள் தீபாவளி ஆர்டருக்குப் பலகாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாட்ச்மேன் என்னைப் பார்த்து, "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க சார். புரட்டாசி மாசத்துல எவன் சார் கல்யாணம் வெப்பான்?" என்றார்.

பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். 'நிகழும் விசுவாவசு வருடம் ஐப்பசி மாதம் 10-ம் தேதி (27.10.2025) திங்கட்கிழமை' என்று சுத்தமாகத்தான் அச்சடித்திருந்தார்கள். நண்பர் '10' வரைக்கும் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அக்டோபர் என்றால் ஐப்பசிதானே என்று ஒரு கணக்கு! தமிழ் மாதம், சூரியன் ராசி மாறுகிற கணக்கில் ஓடுவது. அது இங்கிலீஷ் மாதத்தின் நடுவில்தான் பிறக்கும். அன்றைக்குப் புரட்டாசி 24. ஐப்பசி பிறக்க இன்னும் எட்டு நாள் பாக்கி.

"பிராக்கெட்டுக்குள்ள போட்டிருந்தா அவ்வளவு முக்கியமில்லேன்னு நினைச்சேன்டா" என்றார் நண்பர். இவர் அக்கவுண்ட்ஸ் செக்ஷன்! கணக்கில் முதலில் போடவேண்டியதே பிராக்கெட்டைத்தான் என்று எங்கள் வாத்தியார் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தார். இவருக்கு யாரும் திருகவில்லை போலிருக்கிறது.

தலைமைச் சமையல்காரர் ஆளுக்கொரு மைசூர்பாகு கொடுத்து, "வந்ததுக்கு வாயையாவது இனிப்பாக்கிட்டுப் போங்க தம்பி" என்றார். நண்பருக்கு அது விஷமாக இறங்கியது.

"ஆட்டோவைக் கூப்பிடு. வீட்டுக்குப் போறேன்."

"இப்ப போனா?"

"மானம் போகும்."

"ராத்திரி போனா?"

"அப்பவும் போகும்."

"அப்ப ராத்திரியே போகட்டுமே! நடுவுல பன்னிரண்டு மணி நேரம் இருக்கில்ல?"

யோசித்துப் பாருங்கள். நம் மாதிரி ஆட்களுக்கு வேலை நாளில் ஒரு முழுப் பகல் சும்மா கிடைப்பது எவ்வளவு அபூர்வம்! ஞாயிற்றுக்கிழமை நாம் ஃப்ரீ. ஆனால் அன்றைக்கு போஸ்டாபீஸ் கிடையாது, பேங்க் கிடையாது, பாரிமுனைப் பக்கம் பாதிக்கு மேல் ஷட்டர் இறங்கியிருக்கும். அதனால்தான் வீட்டில் சில வேலைகள் மாசக்கணக்கில் 'அடுத்த வாரம்' என்றே கிடக்கின்றன. அந்த வேலைகளுக்கென்றே விதி அனுப்பிவைப்பதுதான் அசட்டு லீவு.

டீக்கடையில் உட்கார்ந்து, பில்லின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டோம். என் கணக்கில் குடை ரிப்பேர். அவர் கணக்கில் குக்கர் கேஸ்கெட், போஸ்டாபீஸ். மூன்றாவதாக ஒன்றைச் சொல்லவந்து வாயை மூடிக்கொண்டார். டீ ஆறியபிறகு சொன்னார்: "அப்பா படம்."

அவருடைய அப்பா போய், வருகிற கார்த்திகையோடு ஒரு வருஷம். கூடத்தில் இன்னும் படம் மாட்டவில்லை. அம்மா ஆணி மட்டும் அடித்து வைத்திருக்கிறார். கேட்டால் இவர், "லீவு கிடைக்கலேம்மா" என்பார்.

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடிக்கு அடுத்தது ஹைகோர்ட். இந்தப் பாதை 2019-ல் வந்தது. முன்பெல்லாம் பஸ்ஸில் வேர்த்து வழிந்து போன தூரம், பட்டு வேட்டி கசங்குவதற்குள் முடிந்துவிட்டது. வெளியே வந்தால் சுளீர் வெயில் இல்லை. வெள்ளைக்காரன் ஊர் மாதிரி இலை பழுத்து உதிர்கிற காலமெல்லாம் நமக்கு ஏது? கார்காலம் முடிந்து கூதிர் தொடங்கப்போகிற இந்தப் பத்துப் பதினைந்து நாள்தான். மழை இன்னும் வரவில்லை, வரப்போகிறது. நடக்கத் தோதான காற்று.

ஹைகோர்ட்டின் உயரமான கோபுரத்தைக் காட்டி, "அது 1894-லேர்ந்து 1977 வரைக்கும் கப்பலுக்கு விளக்கு காட்டின கலங்கரை விளக்கம்" என்றேன். இந்த வழியாக ஆறு வருஷம் ஆபீஸ் போனவர், அன்றைக்குத்தான் அண்ணாந்து பார்த்தார்.

முதலில் படம். இரண்டு போட்டோக்கள் போனில் இருந்தன. ஒன்று ரிட்டயர் ஆனபோது எடுத்தது. விறைப்பாக, அடையாள அட்டையில் ஒட்டுகிற மாதிரி. இன்னொன்றில் அப்பா முண்டா பனியனோடு, எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறார். "சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்களோ..." என்று இழுத்தார் நண்பர். உண்மையில் லீவு அல்ல, இதுதான் பத்து மாதத் தாமதம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தேவராஜ முதலி தெருவில் கண்ணாடியும் சாமி படமும் ஃபிரேமுமாக வரிசையாகக் கடைகள். ஒரு கடைப் பெரியவர் இரண்டு படங்களையும் பார்த்தார். இடுக்கியிருந்த ஜிகினா பார்சலைக் காட்டி, "இதுக்கும் ஃபிரேமா தம்பி?" என்று கேட்டுவிட்டு, "ஊருக்காகப் போட்டா மாலை காய்ஞ்சதுகூடத் தெரியாது. எந்த முகத்தை நீங்க தினம் பார்ப்பீங்களோ அதைப் போடுங்க" என்றார். பனியன் படம்! பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, நாலு மணிக்குத் தருவதாகச் சொன்னார்.

அடுத்தது ராஜாஜி சாலையில், 1884-லிருந்து நிற்கிற அந்தச் செங்கல் சிவப்பு ஜி.பி.ஓ. அப்பாவின் சேமிப்புக் கணக்குக்கு, தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழுக்கு அலையவேண்டும் என்று யாரோ பயமுறுத்தியதில், நண்பர் அந்தப் பக்கமே போகாமல் இருந்தார். கவுன்ட்டரில் இருந்த அம்மா, "நாமினி பதிவாகியிருக்கா?" என்று கேட்டார். அம்மா பெயர் இருந்தது. "அப்ப அதெல்லாம் வேணாம். இந்த ஃபாரம், டெத் சர்ட்டிஃபிகேட், பாஸ்புக், அவங்க அடையாளச் சான்று. இவ்வளவுதான்." பத்து மாத பயம், பத்தே நிமிஷத்தில் முடிந்தது.

பாக்கி கேஸ்கெட். கடைக்காரர் எத்தனை லிட்டர் குக்கர் என்று கேட்டார். நண்பர் விழித்தார். வேறு வழியில்லை, வீட்டுக்கு போன்.

"ஏம்மா, நம்ம குக்கர் அஞ்சு லிட்டரா, ஏழா?"

"ஏங்க, கல்யாண வீட்ல எதுக்கு குக்கர் அளவு?"

மென்று முழுங்கி எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு கிளம்பியது பாருங்கள் ஒரு சிரிப்பு, கடைக்காரருக்கே கேட்டது. சிரித்து முடித்து, "அஞ்சு லிட்டர். அப்படியே வடிகட்டி ஒண்ணு, கோலமாவு அச்சு..." என்று அந்த அம்மாள் ஐந்து அயிட்டம் சேர்த்துச் சொன்னார். ராத்திரி போகவேண்டிய மானம் மத்தியானமே போய்விட்டது. அதற்கப்புறம்தான் நண்பர் நிமிர்ந்து நடந்தார்!

பிளாட்பாரத்துக் குடை ரிப்பேர்க்காரர் பட்டு வேட்டியை ஏற இறங்கப் பார்த்து, "மாப்பிள்ளைக்குக் காசிக்குப் போற குடையா சார்?" என்றார். நண்பரே சிரித்தார்.

நாலு மணிக்குப் படத்தை வாங்கிக்கொண்டோம். பர்மா பஜார் பக்கம் அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும். "புரட்டாசி வெள்ளி, முட்டை போட்டுடாதீங்க" என்று கடைக்காரருக்கு நண்பர் உஷாராகச் சொன்னார். தமிழ் மாதம் நன்றாக மனப்பாடம் ஆகிவிட்டது! ராத்திரி ஒன்பது மணிக்கு போனில் சொன்னார்: "மாட்டியாச்சுடா. அம்மா பார்த்துட்டு, 'பனியன்ல போய்...'ன்னு சொல்லிட்டு, அப்புறம் அங்கேயே உக்காந்துட்டாங்க."

27-ந் தேதிக்கு மறுபடி லீவு கேட்டபோது, அவர் மேனேஜர், "ஏன்யா, அதே பொண்ணுக்கு மறுபடியும் கல்யாணமா?" என்றாராம். நண்பர் மறைக்காமல் கதையைச் சொன்னார். லீவு கிடைத்தது. மேனேஜர் கேஸ்கெட் வாங்கிய கடையின் அடையாளத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

ஆகவே பிரதர்ஸ், பர்ஸில் பணம் இல்லாவிட்டாலும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை முடியாத வேலைகளை அதில் குறித்துவையுங்கள். முதல் வரியில், எதைத் தள்ளிப்போட 'லீவு இல்லை' என்று சாக்குச் சொல்கிறீர்களோ அதை எழுதுங்கள். அசட்டு லீவு எவருக்கு எப்போது சாங்ஷன் ஆகும் என்று யார் கண்டது? பிராக்கெட் போடாத பத்திரிகை நாட்டில் ஏது!