இறக்கத்துக்கு ஒரு சைக்கிள்

சைக்கிள் வாங்கப் போகிறேன் என்றதும் ஹட்டனில் எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே பேசினார்கள். "இந்த மலையில மிதிக்கிற வயசா சேர் உங்களுக்கு?" என்றார் பள்ளிவாசல் படியில் ஒரு நண்பர். உம்மா மட்டும் வேறொன்று கேட்டார்.

"பிரேக் எப்படி மகன்?"

2022 ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்திருந்தார்கள். என் மோட்டார் சைக்கிள் வரிசையில் நின்று நின்றே பழுதாகிவிடும் போலிருந்தது. பஸ்களும் அரிதாகிவிட்டன. நான் படிப்பிக்கும் பாடசாலை நோர்வூட் பக்கம். காலையில் டிக்கோயா வழியாக இறக்கம். பின்னேரம் அதே பாதை ஏற்றம்.

உம்மாவின் கேள்விக்குப் பின்னால் வாப்பா இருந்தார்.

வாப்பா பொட்டணி வியாபாரி. பழைய சைக்கிளின் கெரியரில் சேலை, சீத்தைத் துணிப் பொதியைக் கட்டிக்கொண்டு லயம் லயமாகப் போவார். ஏற்றத்தில் அவர் சைக்கிளைத் தள்ளுவார். இறக்கத்தில்தான் அது அவரைச் சுமக்கும். முன்பல்லு 44, பின்பல்லு 18. ஒரு மிதிக்குச் சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும். சமதரைக்கு அது நல்ல கணக்கு. மலைக்கு ஆகாத கணக்கு. பிரேக்கோ கம்பி பிரேக். ஈரமான இரும்பு வளையத்தில் றப்பர் கட்டை வழுக்கும்.

1979 ஆடி மழையில் ஒரு வளைவில் அது பிடிக்கவில்லை. வாப்பா கானுக்குள் விழுந்தார். இடது கால் பிறகு நேராகவே இல்லை.

கடைக்காரர் எனக்கு முதலில் காட்டியது மலைச் சைக்கிள். கொழுத்த டயர், முன்னால் ஸ்பிரிங், பளபளப்பு. "மலைக்கு மலைச் சைக்கிள்தானே சேர்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நான் ஓடப்போவது தார் றோட்டில். ஏறும்போது அந்த ஸ்பிரிங் நம் மிதியில் கொஞ்சத்தைத் தானே விழுங்கிவிடும்; முள்ளு டயர் தாரில் இழுக்கும். மெல்லிய டயர்ப் பந்தயச் சைக்கிளோ குனிந்தே ஓட வேண்டியது, குழிகளுக்கும் தாங்காது.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று மூலையில் தூசியோடு நின்றது. ஹைபிரிட் என்றார்கள். பெரிய சக்கரம், 38 மில்லிமீற்றர் டயர், நேரான கைபிடி, ஸ்பிரிங் இல்லாத முன்கவை, கெரியர் பூட்ட இடம். முன்னால் சிறிய பல்லு 28, பின்னால் பெரியது 34. அந்த கியரில் ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு முழுச் சுற்றுக்கூடச் சுற்றாது. மெதுவாகத்தான் போகும், ஆனால் இறங்கித் தள்ள வேண்டியிராது. பிரேக் சக்கரத்தின் நடுவில் தனித் தட்டைப் பிடிப்பது. றோட்டுச் சேறும் மழைத் தண்ணீரும் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை.

விலை எகிறியிருந்தது. மனைவியின் காப்பு ஒன்று அடகுக்குப் போனது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உம்மா சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். பிரேக்கைத் தன் கையாலேயே இறுக்கி, "தள்ளுங்க பாப்பம்" என்றார். தள்ளினேன். அசையவில்லை. "பிஸ்மி சொல்லிப் போங்க" என்றார். அவ்வளவுதான்.

இப்போது பெற்றோல் தாராளமாகக் கிடைக்கிறது. காப்பும் மீண்டுவிட்டது. ஆனாலும் சைக்கிளை விடவில்லை. ஞாயிறுகளில் சுபஹுக்குப் பிறகு காசல்ரீ நீர்த்தேக்கக் கரையோரம் போய் வருகிறேன். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே இருப்பதில்லை. விட்டு விட்டுப் பிடிக்கிறேன், தட்டு சூடேறாதிருக்க.

ஒரு ஞாயிறு, லயத்து வாசலில் வயதான அம்மா ஒருவர் என்னை நிறுத்தினார். யார் மகன் என்று விசாரித்தார். சொன்னேன்.

"பொட்டணி பாயா? அவுரு விழுந்து படுத்த மாசம் நாங்க கடன் குடுக்க டவுனுக்கு நடந்தே வந்தோம் தம்பி. பத்துப் பதினஞ்சு பேரு. கொப்பியக்கூடப் பாக்காம எங்க வாய்க்கணக்கையே எழுதிக்கிட்டாரு."

வாசல் நிறையச் சேலைகள் நின்றது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. நலம் விசாரிக்க வந்தவர்கள் என்றே அப்போது நினைத்திருந்தேன்.

திரும்பி வரும்போது ஏற்றத்தில் இறங்கிக்கொண்டேன். கியர் இருந்தது, காலிலும் தெம்பு இருந்தது. கொஞ்சத் தூரம் தள்ளிக்கொண்டே நடந்தேன்.