ஏற்காட்டு மலைப் பாதையில் மூன்று சின்னான்கள்

சேலத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குத் தினமும் ஒரு கொண்டைக்குருவி வரும். கறுப்புத் தலை, வாலுக்கு அடியில் சிவப்பு. சின்னான் என்றும் சொல்வார்கள். "எப்பப் பார்த்தாலும் இதே குருவிதானாம்மா?" என்று மகள் சலித்துக்கொண்டாள். அவளுக்காகவே பொங்கல் விடுமுறையில் ஏற்காட்டுக்குக் கிளம்பினோம்.

தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் நான்கு நாள்கள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் இருந்து, கண்ணில் பட்டதையும் காதில் கேட்டதையும் 'இ-பேர்டு' செயலியில் பதிந்தால் போதும்.

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கி.மீ. மலையேறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏரியில் படகு விடும் அவசரத்தில் எல்லோரும் இந்தப் பாதையை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் கீழ்ப்பகுதியில் இருக்கும் பாறையும் முட்புதருமான சரிவுகள்தான் மஞ்சள் தொண்டைச் சின்னானுக்குப் பிடித்த இடம். கொண்டை கிடையாது. சாம்பல் உடம்பு, மஞ்சள் தொண்டை. உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் உள்ள பாறைக் குன்றுகளில் மட்டுமே வாழ்கிறது. கிரானைட்டுக்காகக் குன்றுகளை உடைக்க உடைக்க அதற்கு வீடு போகிறது. அழியும் ஆபத்தில் உள்ள பறவைகள் பட்டியலில் அதன் பெயரும் இருக்கிறது.

வளைவைத் தாண்டி, இடம் இருந்த ஓரத்தில் காரை நிறுத்தினோம். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. திடீரென்று ஒரு புதருக்குள் மஞ்சளாக ஏதோ அசைந்து மறைந்தது.

"அம்மா, அதேதான்! எழுதிடலாமா?"

"தொண்டையைப் பார்த்தியா கண்ணு?"

"இல்ல... மஞ்சளாத் தெரிஞ்சுச்சு."

மாம்பழச்சிட்டும் மஞ்சள்தான். நாம் பதிவதை நம்பித்தான், எந்தக் குன்றில் எந்தப் பறவை மிச்சம் இருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். இல்லாத பறவையை இருப்பதாக எழுதினால், அது காணாமல் போனதுகூட யாருக்கும் தெரியாது. இதைச் சொன்னதும் முகம் வாடினாலும், செயலியை மூடிவிட்டாள்.

மேலே, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் குளிர் காத்திருந்தது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, அடியில் காப்பிச் செடிகள். அங்கே வேலிமேல் வந்து உட்கார்ந்தது செம்மீசைச் சின்னான். நிமிர்ந்த கூரான கொண்டை, வெள்ளைக் கன்னம், கண்ணுக்குப் பின்னால் சின்ன சிவப்புத் தீற்றல். மகள் பைனாகுலரை இறக்கவே இல்லை. "இது உறுதி!" என்று தானே பதிந்தாள்.

பறவை பார்க்கப் புறப்படுகிறவர்களுக்குச் சில யோசனைகள்: காலை ஆறரை மணிக்கே போய்விடுங்கள். பளபளக்கும் உடை வேண்டாம். செயலியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைக்காதீர்கள். அது பாவம், எதிரி வந்துவிட்டது என்று அலைபாயும். முதலில் வீட்டருகே வரும் பத்துப் பறவைகளை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். புதிது எது என்பது அப்போதுதான் புரியும்.

மறுநாள் காலை மொட்டைமாடியிலிருந்து குரல் வந்தது: "அம்மா, நம்ம குருவிக்கு வாலுக்கு மேல வெள்ளையா இருக்கு, பார்த்திருக்கியா?"

இத்தனை வருஷமாக நான் கவனித்ததே இல்லை. மஞ்சள் தொண்டைச் சின்னானைத் தேடி அடுத்த பொங்கலுக்கும் அதே இடத்துக்குப் போகப்போகிறோம்.