மணியின் வயிறு

எங்கள் மணி 4 கிலோ எடையுள்ள சிறிய நாய். ஓராண்டாக ஓயாத வயிற்றுப்போக்கு. சில விடியல்களில் மஞ்சள் நுரையாய் வாந்தி. புழுக்கள் இல்லையென உறுதிசெய்த கால்நடை மருத்துவர், 3 வாரங்களுக்கு மருத்துவ உணவைத் தவிர வேறெதுவும் கொடுக்கலாகாது என்றார். அப்படியே செய்தும் பயனில்லை.

ஆசிரியப் புத்தி விடுமா? நாட்குறிப்பு எழுதினேன். ஞாயிறு இரவுகளில்தான் தொல்லை மிகுந்தது. ஞாயிறு காலைப் பசியாறலின்போது, குழம்பில் தோய்த்த ரொட்டி சானாய்த் துண்டை மேசைக்கடியில் நீட்டுபவன் நானே! அதை ஓர் உணவாகவே நான் கருதியிருக்கவில்லை. கொழுப்பு கணையத்தைப் புண்படுத்தக்கூடும், வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்று மருத்துவர் விளக்கியபோது, வீட்டுப்பாடம் செய்யாத மாணவனைப்போல் நின்றேன்.

மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கினோம். இன்று 17-ஆம் நாள். மலம் கட்டியாகவே போகிறது. ஞாயிறு காலையில் மட்டும் மணி இன்னும் மேசைக்கடியில் வந்து காத்திருக்கிறது.