உலை ஆறும் வரை

நியூயார்க் நகரத்துக்கு வடக்கே, ஹட்சன் ஆற்றின் கிழக்குக் கரையில் உள்ள பியூகானன் என்ற சிற்றூரில் இருக்கிறது இந்தியன் பாயிண்ட் அணுமின் நிலையம். அதன் மூன்றாம் யூனிட்டை 2021 ஏப்ரல் 30 இரவு நிரந்தரமாக நிறுத்தினோம். அதற்கு முன் இடையில் ஒருமுறைகூட நிற்காமல் 753 நாள் ஓடியிருந்தது. உடம்பில் ஒரு குறையும் இல்லாத இயந்திரத்தை நிறுத்துவது அதை ஓட்டியவர்களுக்கு லேசான காரியமல்ல. ஆனால் அந்த இரவைவிட அதற்குப் பின் வந்த நாட்கள்தான் எங்கள் தொழில் இன்னதென்று எனக்குப் புரிய வைத்தன.

அணு உலை ஓட்டுவதென்றால் ஓயாமல் பொத்தானை அழுத்துகிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எதுவுமே நடக்காத ஷிஃப்ட்தான் கன்ட்ரோல் ரூமில் நல்ல ஷிஃப்ட். உலைக்குள் 193 எரிபொருள் கட்டுகள் நிற்கும். அவற்றுக்கிடையே ஓடும் தண்ணீர் 300 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் கொதிக்காது. காற்றழுத்தத்தைப் போல 150 மடங்குக்கு மேலான அழுத்தம் அதை அடக்கி வைத்திருக்கும். அந்தத் தண்ணீரில் கரைத்திருக்கும் போரான், அணுப்பிளவைத் தொடரச் செய்யும் நியூட்ரான்களை விழுங்கும். புது எரிபொருள் போட்டதும் போரான் நிறைய வேண்டும். எரிபொருள் தேயத் தேய, சுத்தமான நீரைச் சேர்த்து போரானின் அடர்த்தியைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

எவ்வளவு நீர் சேர்க்க வேண்டும் என்று சூபர்வைசர் சொல்வார். ஆபரேட்டர் அதை அப்படியே திருப்பிச் சொல்வார். “சரி” என்று சூபர்வைசர் உறுதி செய்த பிறகுதான் கை சுவிட்சுக்குப் போகும். நீர் சேர்ந்ததும் வெப்பநிலை முள்ளைப் பார்த்தபடி நிற்போம். எதிர்பார்த்த அளவுக்குத்தான் அது நகர வேண்டும். பல வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர்களுக்கும் இதில் விலக்கில்லை. இந்தப் பொறுமை பழகினால்தான் ஒருவர் ஆபரேட்டர்.

மூடும் இரவிலும் அதே முறைதான். சுமையை மெல்ல மெல்லக் குறைத்தோம். உலையை நிறுத்தும் டிரிப் சுவிட்சைத் திருப்பியதும் மின்சாரம் அறுந்து, அணுப்பிளவை அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளைத் தாங்கியிருந்த பிடி விட்டது; தம் எடையிலேயே அவை சில நொடிகளில் அடிக்குப் போய்விட்டன. ஒவ்வொரு தண்டும் அடியைத் தொட்டதைக் காட்டும் விளக்கு எரிய வேண்டும். எல்லா விளக்கும் எரிந்ததா என்று சரிபார்க்கும் கண்ணுக்கு அந்த நேரத்தில் துக்கப்பட இடமில்லை.

மின்சாரம் நின்றது, சூடு நிற்கவில்லை. விறகை இழுத்துப் போட்ட பிறகும் அடுப்பில் தணல் கனிவதுபோல, பிளவுண்ட யுரேனியத்தின் மிச்சங்கள் சிதைந்து சிதைந்து சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் அது முழுத் திறனில் 6 முதல் 7 சதவீதம். எங்கள் உலையின் வெப்பத் திறன் 3,200 மெகாவாட்டுக்குச் சற்று மேல். ஆக, “நின்றுவிட்ட” உலையிலிருந்து 200 மெகாவாட் வெப்பம். ஒரு நாளில் அது அரை சதவீதம் அளவுக்கு இறங்கும், பிறகு மிக மெதுவாகக் குறையும். 2011-ல் புகுஷிமாவில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் நிலநடுக்கம் வந்ததும் ஒழுங்காகத்தான் நின்றன. சுனாமி வந்து பம்புகளுக்கு மின்சாரம் போனதும், இந்த மிச்சச் சூடுதான் அவற்றை உருக்கியது.

ஆகவே மூடல் என்பது ஒரு தேதியோடு முடிவதில்லை. உலை இனி ஓடாது என்று ஒரு கடிதம், எரிபொருள் முழுவதும் வெளியே எடுக்கப்பட்டது என்று இன்னொரு கடிதம். இரண்டும் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவில் ஏறியதும் உலையில் மறுபடி எரிபொருள் வைக்கும் உரிமை போய்விடுகிறது. பிறகு வேலை குளத்தடிக்கு மாறுகிறது. எடுத்த கட்டுகளை ஆழமான நீரில் அடுக்கி, அந்த நீரின் மட்டத்தையும் சூட்டையும் இரவும் பகலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு நீருக்கடியிலேயே ஒரு எஃகுக் கலத்துக்குள் கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி, மூடியைப் பற்றவைத்து, நீரை வடித்து, ஈரம் போக உலர்த்தி, ஹீலியம் நிரப்பி, கான்கிரீட்டும் எஃகுமான உறைக்குள் வைக்க வேண்டும். அதன்பின் பம்பே வேண்டாம். உறைக்குள் தானாக ஏறும் காற்று போதும். எங்கள் வளாகத்தில் இந்தப் பணி 2023-ல்தான் முடிந்தது.

மூடியது சரியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. பெருநகரத்துக்கு இவ்வளவு அருகில் விபத்து நேர்ந்தால் மக்களை எப்படி வெளியேற்றுவது என்ற பயமும், நாங்கள் உறிஞ்சிய ஆற்று நீரில் மீன்குஞ்சுகள் அழிந்தன என்ற கவலையும் நியாயமானவை. நியூயார்க் நகரத்துக்கும் வெஸ்ட்செஸ்டருக்கும் வேண்டிய மின்சாரத்தில் ஏறக்குறைய கால் பங்கை நாங்கள் கொடுத்ததும், அந்த இடத்தைப் பெரும்பாலும் எரிவாயு பிடித்துக்கொண்டதும் அதே அளவு உண்மை. எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றை மறக்கக் கூடாது: அந்தக் கலங்கள் இன்னும் ஹட்சன் கரையிலேயே நிற்கின்றன. 1998 முதல் இத்தகைய எரிபொருளை அமெரிக்க மத்திய அரசு எடுத்துக்கொள்ளும் என்று 1982-லேயே சட்டம் போட்டாயிற்று; கொண்டுபோய் வைக்க நிரந்தர இடம் இன்றுவரை இல்லை.

உலகெங்கும் 1970-களில் கட்டிய உலைகளுக்கு வயதாகிவிட்டது. அவற்றை மூடப்போகிறவர்களிடம் எனக்கு ஒரே கோரிக்கை. ஒரு யூனிட்டுக்கு முடிவுத் தேதி குறித்ததும் நன்றாக வேலை தெரிந்தவர்கள்தான் முதலில் வேறு இடம் தேடுவார்கள்; அவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது. எந்த வால்வு இறுகித் திரும்பும், எந்த மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்ற அறிவு எந்தக் கையேட்டிலும் முழுதாக இல்லை. கடைசிக் கலம் மூடப்படும்வரை அவர்களை நல்ல சம்பளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூடும் திட்டத்தின் முதல் செலவாக அதை எழுதுங்கள். ஓட்டத் தெரிந்தவர்களின் கையால்தான் ஓர் உலையைப் பத்திரமாக ஆற்ற முடியும்.