ஒரு சென்ட் சூரியகாந்தி!

சுந்தரபாண்டியபுரம் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீங்க, மேத்ஸ் மேடம் யாரும் கூட வரலை!

காலேஜ் திறந்து இதுவரைக்கும் 40 வேலை நாள்னு வச்சுக்குங்க. நீங்க வந்தது 30 நாள். கரெக்டா 75 சதவீத அட்டெண்டன்ஸ். இப்ப ரெண்டு நாள் கட் அடிச்சிட்டு டூர் போனா 42-க்கு 30, அதாவது 71 சதவீதம் சொச்சம். "வந்து ரெண்டு நாள் ஒழுங்கா க்ளாஸுக்குப் போனா சரியாயிடும் மச்சி"னு சொல்றவன் பேச்சைக் கேக்காதீங்க. ஆறு நாள் விடாம உட்கார்ந்தாதான் 48-க்கு 36, மறுபடி 75. நீங்க போகப் போக மொத்த நாளும் கூடிக்கிட்டே போகுதே! அதனால பேசாம சனி, ஞாயிறுல கிளம்புங்க.

தென்காசி பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும் காசி விஸ்வநாதர் கோயில் கோபுரத்துக்கு ஒரு ஹாய் சொல்லிட்டு, சுரண்டை பக்கம் போற பஸ்ஸை விசாரிங்க. ஏறக்குறைய பத்து கிலோமீட்டர்தான். குற்றாலத்துல சாரல் அடிச்சிக்கிட்டிருக்கும்போதே இங்க பளீர்னு வெயில் இருக்கும். மேற்கே மேகம் போர்த்தின மலை. அங்கிருந்து புறப்பட்டு வர்ற காத்து பஸ் ஜன்னல்ல முகத்துல அறையும். நடுவுல வயல், குளம், பனைமரம். மணிரத்னத்தோட 'ரோஜா' (1992) ஹீரோயினுக்குச் சொந்த ஊர் எதுன்னு ஞாபகம் இருக்கா? இதுதான். 'அந்நியன்' (2005) பாட்டுக்காகப் பாறையில பெரிசு பெரிசா நடிகர்கள் முகத்தை வரைஞ்ச இடமும் இங்கதான். ஊர்ல "அந்நியன் பாறை எங்க அண்ணாச்சி?"னு கேட்டாப் போதும், கை காட்டிருவாங்க.

ஆனா ஜூலை, ஆகஸ்ட்ல வர்றவங்க முக்கால்வாசிப் பேர் தேடறது சூரியகாந்தியை. செங்கோட்டை வழியா கேரளாக்காரங்க கார் காரா வந்து இறங்குவாங்க. அத்தனை பூவும் ஒரே பக்கமா கிழக்கே பார்த்து நிக்கும். பின்னாடி நீலமா மலை. அழகுன்னா அழகு! எந்த வயல்ல பூத்திருக்கு, எதுல காய்ஞ்சு தலை தொங்கிருச்சுன்னு வாரத்துக்கு வாரம் மாறும். அதனால போன வருஷம் ஃப்ரெண்டு போட்ட போட்டோவை நம்பி அதே வயலைத் தேடாதீங்க.

சரி, வயலுக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி வரப்புலயே கொஞ்சம் நில்லுங்க.

நம்ம ஊர்ல நிலத்தைச் 'சென்ட்'ல சொல்றோம் இல்லையா? "அஞ்சு சென்ட்ல வீடு", "நாப்பது சென்ட் வயல்". ஒரு ஏக்கர்ல நூத்துல ஒரு பங்குதான் ஒரு சென்ட். பெர்சென்ட்டுல இருக்கிற அதே சென்ட்! பாட்டி காலத்துல இருந்து வீட்டுல சதவீதம் பேசிக்கிட்டுதான் இருக்காங்க, நாமதான் கவனிக்கலை. ஒரு சென்ட்னா 435 சதுர அடி சொச்சம். ஒரு க்ளாஸ் முழுக்க நெருக்கி நின்னு ஒரு குரூப் போட்டோ எடுக்கிற இடம். வீரிய ரகச் சூரியகாந்தியை வரிசைக்கு வரிசை ரெண்டு அடி, செடிக்குச் செடி ஒரு அடின்னு விதைப்பாங்க. அப்படிப் பார்த்தா சென்ட்டுக்கு 225 செடிக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன வரும்.

அந்த 225 செடியையும் நீங்க மிதிச்சிட்டீங்கன்னு வைங்க. "ஏக்கர்ல ஒரு சதவீதம்தானே"னு தோணும். வயல்காரருக்கு அது ஒரு சதவீதம் இல்லை. எப்படின்னு பாருங்க.

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு சூரியகாந்தி விதைக்கு அறிவிச்ச குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,721 ரூபாய். உற்பத்திச் செலவுன்னு அரசே சொன்னது 5,147 ரூபாய். ஏக்கருக்கு 6 குவிண்டால் விளையுதுன்னு வச்சுக்குவோம். வரவு 46,326. செலவு 30,882. கையில நிக்கிறது 15,444. இப்ப ஒரு சென்ட் போச்சு. வரவுல ஒரு சதவீதம், 463 ரூபாய் காலி. செலவு ஏதாவது குறைஞ்சுதா? உழவு, விதை, உரம், களை, தண்ணி எல்லாம் ஏற்கெனவே போட்டாச்சு. அந்த 463 ரூபாயும் லாபத்துல இருந்துதான் கழியும். 15,444-ல 463-ங்கறது 3 சதவீதம்! அஞ்சு சென்ட் மிதிபட்டா லாபத்துல 15 சதவீதம் அவுட். அதுவும் ஆதரவு விலை கிடைச்சாதான் இந்தக் கணக்கு. சந்தையில 6,000 ரூபாய்க்குப் போச்சுன்னா மொத்த லாபமே 5,118. அப்ப ஒரே ஒரு சென்ட் லாபத்துல 7 சதவீதத்தைத் தின்னுரும். வயல்காரர் போட்டோவுக்கு ஏதாவது காசு கேட்டா முகத்தைச் சுளிக்காம குடுங்க. குடுத்துட்டாலும் வரப்புலயே நின்னு எடுங்க.

சதவீதத்தை யார் சொன்னாலும் "எதுல நூறு?"னு ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்க. இதே 7,721-ஐ "செலவுக்கு மேல 50 சதவீத லாபம்"னு அரசு சொல்லுது. சரிதான், 5,147-ல பாதி 2,574. ஆனா விற்ற விலையில அதே 2,574 எத்தனை சதவீதம்? 33தான். ரெண்டுமே பொய் இல்லை, அடியில இருக்கிற நூறு வேற. இதைவிடப் பெரிய சண்டை அந்த 'செலவு'ல இருக்கு. கும்பகோணத்துக்காரரான எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையில 2004-ல் அமைஞ்ச தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவைவிடக் குறைஞ்சது 50 சதவீதம் கூடுதலா ஆதரவு விலை வேணும்னு சொல்லுச்சு. 2018 பட்ஜெட்ல செலவைப் போல ஒன்றரை மடங்குன்னு அரசு அறிவிச்சுது. ஆனா அரசு எடுத்துக்கிட்ட செலவுல கைக்காசு போட்டதும், வீட்டு ஆளுங்க உழைப்புக்கான கூலியும்தான் சேரும். சொந்த நிலத்துக்கான வாடகை மதிப்பு, போட்ட முதலுக்கான வட்டி இதெல்லாம் சேராது. அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கன்னுதான் விவசாய சங்கங்கள் கேக்குது. 50-ங்கற நம்பர்ல யாருக்கும் தகராறு இல்லை பாருங்க, எதோட 50-ங்கறதுலதான் அத்தனை போராட்டமும்!

அறுவடை சமயத்துல போனீங்கன்னா களத்துல விதை காயறதைப் பார்க்கலாம். அங்கயும் ஒரு வேடிக்கை. 100 கிலோ விதை, ஈரப்பதம் 20 சதவீதம். 10 சதவீதத்துக்குக் காய வச்சா எடை எவ்வளவு இருக்கும்? 90-னு டக்குனு சொல்லுவீங்க. கிடையாது, 88.9 கிலோ. தண்ணி போக விதை 80 கிலோ. அது மாறாது. காய்ஞ்ச பிறகு அந்த 80-தான் மொத்தத்துல 90 சதவீதமா இருக்கணும். வகுத்துப் பாருங்க. ஒரு கிலோ எங்க போச்சுன்னு வியாபாரியோட சண்டைக்கு நிக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டிய கணக்கு இது. காய்ஞ்ச விதையில ரகத்தைப் பொறுத்து எண்ணெய் 35-லிருந்து 40 சதவீதம் வரைக்கும் இருக்கும். செக்குல ஆட்டினா அவ்வளவும் வராது, கொஞ்சம் பிண்ணாக்குலயே தங்கிரும்.

உங்க ஹாஸ்டல் மெஸ்ல இருக்கிற சூரியகாந்தி எண்ணெய் இந்த வயல்ல இருந்து வந்ததுன்னு நினைச்சுராதீங்க. பெரும்பாலும் ரஷ்யா, உக்ரைன் மாதிரி நாடுகள்ல இருந்து கப்பல்ல வருது. 2022-ல் அங்க போர் ஆரம்பிச்சதும் நம்ம மளிகைக் கடையில விலை எகிறினது அதனாலதான். கச்சா எண்ணெயா வர்றதுக்கு 2024 செப்டம்பர்ல மொத்த இறக்குமதி வரி 27.5 சதவீதம் ஆச்சு. 2025 மே கடைசியில அதை 16.5 ஆக்கினாங்க. குறைஞ்சது எவ்வளவு? 11 சதவீதப் புள்ளி. ஆனா பழைய வரியை நூறுன்னு வச்சா சரியா 40 சதவீதம் குறைஞ்சிருக்கு! எண்ணெய் வாங்கறவங்களுக்குச் சந்தோஷம். வயல்காரர் விலை பேசற இடத்துல அதே 40 அவருக்கு எதிரா வந்து உட்காரும்.

சாயங்காலம் குற்றாலம் போயிருவோம். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம்னு உங்க இஷ்டம். போன்ல 'மழை வாய்ப்பு 20 சதவீதம்'னு காட்டினா, இதே மாதிரி பத்து நாள்ல ரெண்டு நாள் மழை பெய்யும்னு அர்த்தம். அதுவும் நீங்க நிக்கிற இடத்துக்குச் சொன்னது. அருவித் தண்ணி பெய்யறது மேல மலையில. 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளத்துல ஒரு பள்ளி மாணவர் இறந்தார். போலீஸ்காரர் விசில் அடிச்சு ஏறச் சொன்னா போன்ல இருக்கிற சதவீதத்தை அவர்கிட்ட காட்டாம உடனே மேல வந்துருங்க.

ரூம் எடுக்கும்போது கொஞ்சம் உஷார். சாதாரண நாள்ல 1,000 ரூபாய்ங்கற ரூம், சீசனுக்கு 50 சதவீதம் ஏறி 1,500 ஆகியிருக்கும். "ஸ்டூடண்ட்ஸுக்கு 20 சதவீதம் தள்ளுபடி தம்பி"ம்பாங்க. 1,200. தள்ளுபடி வாங்கின பிறகும் பழைய வாடகைக்கு 20 சதவீதம் கூடக் குடுக்கறீங்க. சீசன்ல அது நியாயமான விலையாவே இருக்கலாம், ஆனா ட்ரீட் குடுத்துக் கொண்டாட ஒண்ணும் இல்லை.

ராத்திரிக்கு பிரானூர் பார்டர் போய் பரோட்டாவும் நாட்டுக்கோழியும். நாலு பேர் சாப்பிட்ட பில் 840 ரூபாய், மேல 5 சதவீத ஜி.எஸ்.டி.ன்னா கால்குலேட்டரைத் தேடாதீங்க. பத்துல ஒண்ணு 84, அதுல பாதி 42. மொத்தம் 882. ஆளுக்கு 220 ரூபா 50 காசு. அந்த அம்பது காசை யார் போடறதுங்கறதை நீங்களே பேசி முடிச்சுக்குங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு!