தொடை வலியும் வரக்காப்பி கலரும்

நேத்து ஓ.பி.ல ஒருத்தர், "ஜிம்முக்குப் போய் ரெண்டு நாளாச்சு சார், தொடை கழண்டு விழுந்துடும்போல இருக்கு. ஸ்கேன் எழுதுங்க"ன்னு வந்தார். ஸ்கேன் தேவைப்படல. ஆனா அவரைப் பார்த்ததும், சில வருஷம் முன்னாடி நான் கோட்டைவிடப் பார்த்த ஒரு கேஸ் ஞாபகம் வந்துச்சு. அதான் இந்த த்ரெட்.

முதல்ல சாதா வலி. பழக்கமில்லாத பயிற்சி செஞ்சா 12-24 மணி நேரம் கழிச்சு ஆரம்பிக்கும், ரெண்டாம் மூணாம் நாள் உச்சம், ஒரு வாரத்துக்குள்ள போயிடும். ரெண்டு தொடையும் சேர்ந்து வலிக்கும். கொஞ்சம் நடந்தா இளகும். பழனி மலை போயிட்டு வந்தவங்களுக்கு மறுநாள் வலிக்கிறதுல பெரும்பங்கு ஏறினதால இல்ல, இறங்கினதால. தசை நீண்டுகிட்டே எடையைத் தாங்கும்போதுதான் நுண்ணிய சேதம் அதிகம். (லாக்டிக் ஆசிட் தேங்கிடுச்சுன்னு ஜிம்ல சொல்வாங்க. அது ஒரு மணி நேரத்துலயே போயிடும், பாவம்.)

அடி பட்டா கதை வேற. அந்த நொடியே 'சுரீர்'னு தெரியும். ஒரு பக்கம் மட்டும், விரலால தொட்டுக் காட்டற இடத்துல வலி. வீக்கம், ரத்தக்கட்டு, கால் ஊன முடியாமை, மூட்டுக்குள்ள வலி இருந்தா ரெஸ்ட் எடுங்க, டாக்டரைப் பாருங்க.

இனி அந்தக் கேஸ். போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிட்டிருந்த பையன். மூணு மாச இடைவெளிக்கு அப்புறம், நண்பர்களோட பந்தயம் கட்டி ஒரே நாள்ல 400 பஸ்கி. ரெண்டு தொடையும் வலி, மூணாவது நாள். பாடப்புத்தகம்! டைக்ளோபெனாக் ஊசி எழுதப் பேனாவை எடுத்துட்டேன்.

கூட வந்த அம்மா தயங்கித் தயங்கி, "ஒன்னுக்கு வரக்காப்பி கலர்ல போறானுங்க சார்"ன்னாங்க.

பேனாவை வெச்சேன். தொடையைத் தொட்டா கல்லு மாதிரி. எழுந்து நிக்கவே முடியல. யூரின் டெஸ்ட்ல ரத்தம் பாசிட்டிவ், மைக்ராஸ்கோப்ல ஒரு சிவப்பணுகூட இல்ல. அது ரத்தமில்ல, சிதைஞ்ச தசையிலிருந்து வந்த மயோகுளோபின். ராப்டோமயோலைசிஸ். கிட்னியை அடைச்சுச் சேதமாக்கும். அந்த ஊசி போட்டிருந்தா கிட்னிக்கு இன்னொரு அடி. டிரிப் ஏத்தி மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினேன். டயாலிசிஸ் இல்லாம தப்பிச்சான்.

நான் அந்தக் கேள்வியைக் கேட்கல. அம்மாதான் சொன்னாங்க. இப்ப ஜிம், கபடி, ஓட்டம்னு எந்த வலிக்கு வந்தாலும், "யூரின் என்ன கலர்?"தான் என் முதல் கேள்வி. வீட்டுல நீங்களும் பாருங்க. கருப்பா, பழுப்பா போனா அன்னைக்கே ஆஸ்பத்திரி. வலி மாத்திரை போட்டுட்டு காலையில பாத்துக்கலாம்னு படுக்காதீங்க.

ரிவ்யூவுக்கு வந்தப்ப அவன் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "1500 மீட்டர் எப்ப சார் ஓடலாம்?"

"பிளட் டெஸ்ட் நார்மல் ஆகட்டும்பா. முதல்ல நட."